பட்டுநூல் கட்டு

தலையைக் குனிந்துகொண்டு நடக்கிற பெண்ணைப் பார்த்தால் போதும், அடக்கமானவள் என்று உடனே பட்டம் கட்டிவிடுவார்கள். கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்து நானும் அப்படித்தான் ஏமாந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. அடக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. தரையில் நூல் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கிறாள். கிடந்தால் விடமாட்டாள். பின்னால் ஒருவன் ஹாரனை அடித்துத் தொலைத்துக்கொண்டிருப்பான். இவள் நடுத்தெருவில் குனிந்து, சாண் நீளப் பட்டு இழை ஒன்றை எடுத்து, ஆள்காட்டி விரலில் நாலு சுற்றுச் சுற்றி, இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் நகர்வாள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை அவள். எனக்கு என்மேல் இருக்கிற கோபத்தில் அவள் பெயரை எதற்கு இழுப்பது என்றுதான்.

அவள் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் தறி நெய்கிறவர். அக்கா செய்தது அதைவிட நுணுக்கமான வேலை. தறியில் நீளவாக்கில் ஓடுகிற ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏற்றும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சாம்பலைத் தொடும், இரண்டு நுனியைச் சேர்க்கும், ஒரு முறுக்கு, அடுத்தது. சீரியல் பார்த்துக்கொண்டே செய்வாள், என்னோடு வம்பளந்துகொண்டே செய்வாள், கை மட்டும் நிற்காது. எங்கள் தெருவில் யார் வீட்டில் பாவு முடிந்தாலும் முதலில் அவளுக்குத்தான் ஆள் வரும்.

நான் மாகறலில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். நூலுக்கும் எனக்கும் ரவிக்கைக்கு ஹூக் தைக்கிற அளவுதான் சம்பந்தம். அதனால் இந்தக் குனிந்து பொறுக்குகிற கூத்து எனக்கு எரிச்சலாக இருந்தது. குப்பையை ஏன்க்கா வீட்டுக்குள் சேர்க்கிறாய் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். என் தோளில் பிரிந்து தொங்கிய இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே பதில் சொன்னாள்.

“அறுந்தத அப்படியே வுடக்கூடாதுமா. ஒரு எழதானேன்னு வுட்டா, பொடவ முச்சூடும் கோடு வுழுந்துடும்.”

அது நூலுக்கு மட்டும் சொன்னதாக நான் நினைத்தேன். அவளுக்கு எல்லாமே நூல்தான். ஏகாம்பரநாதர் கோயில் வரிசையில் முன்னால் நின்ற யாரோ ஒரு அம்மாவின் மாலை அறுந்து பூ கொட்டியது. அந்த அம்மாவே போகட்டும் என்று விட்டுவிட்டாள். அக்கா விடவில்லை. பூவைப் பொறுக்கி, நாரை முடிந்து, அந்த அம்மா கையில் கொடுத்தபோது எங்களைத் தாண்டி இருபது பேர் உள்ளே போயிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதுகூட நினைவில்லை.

இன்னொரு தடவை, காது குத்துக்குச் சரியாக அழைக்கவில்லை என்று என் தங்கையோடு எட்டு மாதம் பேச்சில்லாமல் இருந்தேன். எனக்கு வீம்பு ஜாஸ்தி. அக்கா என் போனை எடுத்து, என்னைக் கேட்காமலேயே தங்கைக்கு அடித்து, அவள் எடுத்ததும், “இந்தா, உங்க அக்கா பேசணுமாம்” என்று என் காதில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பக்கம் கேட்ட அழுகையில் கரைந்து, நானும் அழுது, கடைசியில் இரண்டு பேரும் குழம்பு வைக்கிறது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே தோட்டம், நடுவில் சுவர் கிடையாது. கிணறு, கறிவேப்பிலை, செம்பருத்தி, பந்தலில் ஏற்றாமல் விட்டதால் தரையெல்லாம் புதராய்ப் படர்ந்த மல்லிகை. சாயம் போட்ட பட்டுச் சிட்டங்களைக் காயப்போட ஒரு மூங்கில் கழி. மல்லிகைக்குப் பின்னால் ஒரு செங்கல் குவியல். குளியலறை கட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரர் இறக்கியது. மூன்று வருஷமாய் அவர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்கு ஷிஃப்ட் போய் வந்துகொண்டிருந்தாரே தவிர ஒரு கல்லும் நகரவில்லை. அந்தக் குவியலில் என்ன குடியிருக்கும் என்று மாகறல்காரி எனக்குத்தான் முதலில் உறைத்திருக்க வேண்டும்.

அது வைகாசி மாதம், பெருமாளுக்குக் கருட சேவை. ராத்திரி நல்ல மழை பெய்து விடிகாலையில் விட்டிருந்தது. அண்ணன் சாமி பார்க்கப் போய்விட்டார், என் வீட்டுக்காரர் ஷிஃப்டில் இருந்தார். அக்கா, வெயில் வந்துவிட்டதே என்று காப்பிப்பொடி நிறச் சிட்டங்களைக் கழியில் போட்டுக்கொண்டிருந்தாள். சிட்டம் என்பது பட்டு நூல் கட்டு. முறுக்கிச் சுருட்டினால் முறுக்குப் பிழிந்து வைத்த மாதிரி இருக்கும். போட்டு முடித்து எண்ணினால் ஒன்று குறைகிறது. அவ்வளவுதான், தலை குனிந்துவிட்டது. கழிக்கடியில் தேடினாள், கிணற்றடியில் தேடினாள். அப்படியே மல்லிகைப் பக்கம் போனாள்.

நான் சமையலறையில் இருந்தேன். ஜன்னல் தோட்டத்துப் பக்கம்தான்.

“உன் குக்கரு சீறுதுமா, பாரு” என்றாள்.

அன்றைக்கு நான் இட்லி ஊற்றியிருந்தேன். குக்கர் கழுவாமல் தொட்டியில் கிடந்தது. “எங்கது இல்லக்கா” என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். அவள் அதற்குள் குனிந்துவிட்டாள்.

கண்ணாடி விரியன். ஒரு முழங்கைத் தடிமன். செடி நிழலில் சுருண்டு கிடந்ததைச் சிட்டம் என்று நினைத்துக் கையை நீட்டியிருக்கிறாள். சிட்டத்தையே தேடிக்கொண்டிருந்த அவள் கண்ணுக்குச் சுருண்டு கிடந்ததெல்லாம் சிட்டம்தான். வலது கைச் சுண்டுவிரலில் போட்டது. போட்ட வேகத்தில் செங்கலுக்குள் நுழைந்துவிட்டது. தேடிய சிட்டம் அவள் தோளிலேயே கிடந்தது.

நான் ஓடினேன். பயம் இல்லை எனக்கு. சொல்லப்போனால் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. பாம்பு விஷயத்தில் இந்தத் தெருவில் என்னைவிட யாருக்கு என்ன தெரியும்? வயலில் ஆளைக் கடித்தபோது என் அப்பா வைக்கோல் புரியால் காலை இறுக்கிக் கட்டியதை நேரில் பார்த்தவள் நான். அக்காவைக் கிணற்றடியில் உட்காரவைத்து, அவள் தோளில் கிடந்த சிட்டத்தையே இழுத்து, ஒரு கற்றையைப் பல்லால் கடித்தேன். அறுபடவில்லை. அரிவாள்மனையைக் கொண்டுவந்தேன்.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். கடித்தபோதுகூடக் கத்தவில்லை.

“சிட்டத்த அறுக்காதமா. கலைஞ்சி போவும். வேற கயிறு எடேன்.”

உயிர் போகிற நேரத்தில் சிட்டமா என்று கண்டபடி திட்டினேன். திட்டிக்கொண்டே மணிக்கட்டில் ஆறு சுற்றுச் சுற்றி, காலை அவள் முழங்கைமேல் முட்டுக்கொடுத்து, என் பலமெல்லாம் சேர்த்து இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டேன். வைக்கோல் புரி எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் நெகிழ்ந்து கொடுத்துவிடும். பட்டு கொடுக்காது. ஈரம் பட்டால் இன்னும் கடிக்கும். அந்தத் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, எனக்குத் தெரியவில்லை.

ஆட்டோ பிடித்தேன். ஊர் முழுக்க ஜனம். கருடன்மேல் பெருமாள் வீதியில் வந்துகொண்டிருக்கிறார், பாம்பு கடித்த கையோடு நாங்கள் கூட்டத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். சந்துக்குச் சந்து திரும்பி ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. வழியில் அக்கா, கை எரிச்சல் நின்றுவிட்டது, மரத்துப்போய்விட்டது என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். பார்த்தாயா, கட்டு வேலை செய்கிறது, விஷம் ஏறவில்லை என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் வாயிலேயே போட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

ஆஸ்பத்திரியில் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. சதை வீங்கி நூல் உள்ளே புதைந்திருந்தது. முதலில் விஷமுறிவு மருந்து ஏற்றிவிட்டு, பிறகு பிளேடால் மெதுவாய் அறுத்து எடுத்தார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். பத்து நாள் இருந்தாள். சுண்டுவிரல் தழும்போடு ஆறிவிட்டது. ஆனால் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்ச்சி திரும்பவில்லை. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை.

டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமானவர். விஷத்தை மருந்து பார்த்துக்கொண்டது, கட்டுதான் நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார். கட்டாமல், அறுக்காமல், கையை ஆட்டாமல் அப்படியே கூட்டி வந்திருந்தால் போதும் என்றார். கடைசியில், யார் இப்படிக் கட்டியது என்று கேட்டார்.

நான் கட்டில் ஓரத்தில் நின்றிருந்தேன். வாய் வரைக்கும் வந்தது.

“நான்தான் சார் கட்டிக்கினேன்” என்றாள் அக்கா.

ஒரு கையால் அப்படி இரண்டு முடிச்சுப் போட முடியாது என்று டாக்டருக்குத் தெரியாமல் இருக்காது. என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் பேசாமல் நின்றேன். பாம்பு கடித்த நாளில் நான் செய்தது தெரியாமல் செய்தது. இது தெரிந்து செய்தது.

தெருவுக்குத் திரும்பியதும் அவள் கதையை வேறு மாதிரி முடிந்துவிட்டாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “இவ மட்டும் கட்டலன்னா அன்னிக்கே என் கத முடிஞ்சிருக்கும்” என்றாள். விரல் மரத்துப்போனது விஷத்தால் என்று சொல்லிக்கொண்டாள். வந்தவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. மாகறல் பொண்ணுக்குக் கை ராசி என்று பேச்சு பரவியது. நான் கடைக்குப் போனால் வழிவிட்டார்கள். கூசிக் கூசிச் செத்தேன், ஆனால் மறுக்கவில்லை. மறுக்காமல் இருந்து இருந்து, பிறகு மறுக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டேன்.

மணிக்கட்டில் நூல் அறுத்த தடம் சுற்றிலும் வெள்ளையாய் நின்றுவிட்டது. அக்கா அந்தக் கையில் அரை டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டு அதை மறைத்தாள். வளையல் மேலே ஏறினால் உடனே கீழே தள்ளிவிடுவாள், எனக்கு எதிரில் முக்கியமாக.

பாவு முறுக்குகிற வேலைக்கு இடது கையைப் பழக்கினாள். ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. நெய்கிறவர்களுக்குத் தறி சும்மா நின்றால் ஆகாது, அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒவ்வொரு வீடாய் வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருவர் மேலும் அவள் குறை சொன்னதில்லை. தெருவில் நூல் பொறுக்குவதையும் நிறுத்தவில்லை. ஆனால் பழக்கதோஷத்தில் வலது கைதான் முதலில் நீளும். எடுத்துவிட்டதாக நினைத்து நாலு அடி நடந்திருப்பாள். விரலில் இருக்கிறதா விழுந்ததா என்று அந்த விரலுக்கே தெரியாது. திரும்பிப் பார்ப்பாள். இழை எடுத்த இடத்திலேயே கிடக்கும். போய் இடது கையால் எடுப்பாள். இதை என் ஜன்னலிலிருந்து எத்தனையோ தடவை பார்த்தேன். பார்த்த ஒவ்வொரு தடவையும் அடுப்பில் எதையாவது தீயவிட்டேன்.

இன்னொரு பழக்கமும் புதிதாய்ச் சேர்ந்தது. தோட்டத்தில் காலை வைக்கும் முன்னால், உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டால்கூட அங்கேயே நின்றுகொண்டு குரல் கொடுப்பாள்.

“குக்கரு சத்தம் கேக்குதே, உன்னுதுதானே?”

“எங்கதுதான்க்கா” என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்த அடி. செங்கலையெல்லாம் மறு வாரமே நானே கூடைகூடையாய்ச் சுமந்து வெளியே கொட்டிவிட்டேன். தீயணைப்புக்காரர்கள் விரியனைப் பிடித்துக்கொண்டு போனதையும் அவள் பார்த்தாள். இருந்தாலும் தினம் கேட்பாள். நானும் தினம் சொல்வேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், தெருக்கோடி வீட்டுக்காரரைப் பாம்பு கடித்துவிட்டது. நெய்கிறவர், நாற்பது வயசிருக்கும். கொல்லையில் விறகு எடுக்கப் போனவருக்குக் கணுக்காலில். கடித்ததும் தெருவில் யாரும் ஆட்டோ தேடவில்லை. என்னைத் தேடி வந்தார்கள். கையோடு ஒரு சிட்டத்தையும் எடுத்து வந்திருந்தார்கள்.

போனேன். அவர் தறிக்குழி ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகம் வெளிறி. அவர் மனைவி என் கையில் பட்டைத் திணித்தாள். கட்டக்கூடாது, அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்றேன். யாரும் நகரவில்லை. அன்றைக்குக் கட்டினாயே என்றார் ஒருவர். கூடப் பழகினவளுக்கு மட்டும்தான் கட்டுவாளோ என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் மனைவி என் காலைப் பிடித்துக்கொண்டாள். நான் கட்டாவிட்டால் அவர்களே கட்டிவிடுவார்கள், அதுவும் தெரிந்தது. சிட்டத்தில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அக்கா கை போனது என்னால். இரண்டு வருஷம் அதை வாய்க்குள் வைத்திருந்தவளுக்கு அந்த நேரத்தில் நாக்கு எழவில்லை. ஒரு மனிதனின் கால் போகப்போகிறது, நான் என் பெயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. வலது கையை எல்லோர் முகத்துக்கும் நேரே நீட்டினாள். இடது கையால் அந்தப் பச்சை வளையல்களை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டாள்.

“பாத்துக்கோங்க. பாம்பு கடிச்சது இந்த சுண்டு வெரல. இது நல்லாத்தான் இருக்குது. செத்துப்போனது இந்த ரெண்டும். இது பாம்பு செஞ்சது இல்ல, இந்தக் கட்டு செஞ்சது. நான் இத்தன நாளா சொன்னது பொய்யி. தறியில மிதி மிதிக்கிற காலு அது. கட்டாதீங்க.”

அந்த வெள்ளைத் தடத்தை எல்லோரும் பார்த்தார்கள். அதுவரை தெருவில் யாரும் பார்த்ததில்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா, நான்தான் கட்டினேன். கட்டுதான் கைய கெடுத்துச்சுன்னு டாக்டர் அப்பவே எங்கிட்ட சொல்லிட்டாரு” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.

அவரைப் பலகையில் கிடத்தி, காலை அசைக்காமல் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். அடுத்த மாதம் தறியில் உட்கார்ந்தார். இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று சாயங்காலம் எங்களுக்கு எதுவும் தெரியாது. கூட்டம் கலைந்தது. யாரும் எனக்கு வழிவிடவில்லை, யாரும் எதுவும் கேட்கவுமில்லை. அக்கா என் கையிலிருந்த பட்டை வாங்கி, சிக்கலைப் பிரித்து, அந்த வீட்டுத் தறிமேல் வைத்துவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

வீட்டு வாசலில் கேட்டேன், எனக்காக ஏன் இத்தனை நாள் பொய் சொன்னாய் என்று. அவள் வளையலைக் கீழே இறக்கிக்கொண்டே பேசினாள்.

“சொன்னா வெரலு வந்துடுமா? நீதான் தலைய தூக்கமாட்டாம போயிடுவ. அப்புறம் தோட்டத்துல நான் மட்டும் என்னா பண்ணிக்கினு கெடக்கறது?”

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள்மேல் கோபம் வந்தது என்றால் நம்புவீர்களா? வந்தது. இவ்வளவு பெரிய மனசை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் ஒருத்தி இருந்தால் சாதாரண மனுஷி எப்படிப் பிழைக்கிறது?

மறுநாள் விடிந்தும் நான் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. வாசல் தெளிக்கவில்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை. என் வீட்டுக்காரர் முந்தின நாள் பழையதைச் சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். ஜன்னலை மூடிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். குக்கர் கழுவிக் கவிழ்த்தபடி மேடைமேல் இருந்தது. எந்தச் சத்தமும் இல்லை, தறிகள்கூட இன்னும் ஆரம்பிக்கவில்லை.

தோட்டத்தில் கொலுசில்லாத அந்தக் காலடி வந்து, என் ஜன்னலுக்கு வெளியே நின்றது.

“குக்கரு சத்தம் கேக்குதே” என்றாள் அக்கா. “உன்னுதுதானே?”

சொல்லிவிட்டு நகராமல் நின்றாள். நான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“எங்கதுதான்க்கா” என்றேன்.